தாதியர் தொழிலும் நம் பிள்ளைகளின் எதிர்காலமும்

(வெள்ளவத்தையில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும் நம் வீடுகளில் எழுகின்ற ஒரு கேள்வியைப்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். உயிரியல் படித்த பிள்ளைக்கு மருத்துவ பீடத்துக்கு வேண்டிய புள்ளி கிடைக்கவில்லை. தாதியர் பயிற்சிக்கு அனுப்பலாமா? அனுப்ப முயன்றால் இடம் கிடைக்குமா? இடம் கிடைத்துப் படித்து முடித்தால் உத்தியோகம் நிச்சயமா? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இக்கேள்விகளைக் கேளாத வீதி இல்லை. இவற்றுக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆயினும், தாதி என்ற பெயருக்குக் கொண்டுசெல்லும் பாதைகள் பல என்பதையும், அவையெல்லாம் ஓரிடத்தில் சென்று முடிவன அல்ல என்பதையும் கூற இயலும். அதை அறியாது பணம் கட்டியவர்களும் காலத்தை இழந்தவர்களும் நம்மிடையே இருக்கின்றார்கள். அவர்களை மனத்திற்கொண்டே இன்று பேசுகின்றேன்.

முதலில் சிறிது பழங்கதை. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் சென். தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் கல்லூரியைத் தொடங்கிவைத்தார். நோயாளரைப் பேணுதல் வீட்டு வேலையன்று, முறையாகக் கற்றுத் தேறவேண்டிய தொழில் என்ற எண்ணம் அதன் பின்னரே உலகெங்கும் வேரூன்றியது. கொழும்புப் பெரியாஸ்பத்திரி 1864இல் தோன்றியது. அந்நூற்றாண்டின் கடைக்கூற்றில் அங்கே தாதியர்க்குப் பயிற்சியும் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் 1847இல் வந்திறங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழ் மொழியிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். பெண்களுக்கென்று இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை 1898இல் எழுந்தது. அங்கே பெண்கள் தாதியராகவும் பயிற்றப்பட்டனர்.

அக்காலத்தில் இப்பணிக்கு முன்வந்தவர்கள் பெரும்பாலும் கிறித்தவக் குடும்பத்துப் பெண்கள். சைவ வீடுகள் தயங்கின. இரவில் வீட்டுக்கு வெளியே வேலை, அந்நிய ஆடவரைத் தொட்டுச் செய்யும் பணி, இன்ன சாதியார் என்று பாராமல் எல்லோருடைய புண்ணையும் கழுவவேண்டிய கடமை: இவையே தயக்கத்துக்குக் காரணங்கள். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என்று மருத்துவத்தை நான்காகப் பகுத்து, பணிசெய்பவனையும் மருத்துவனோடு ஒப்ப எண்ணினார் திருவள்ளுவர். அவர் குறளை மனனஞ் செய்த வீடுகளே அந்த நான்காம் கூற்றைத் தம் பெண்களுக்கு ஆகாதென்றன. அன்று அழைத்தும் போகவில்லை. இன்று போக விரும்பியும் இடமில்லை. காலத்தின் கோலம் இது.

நிற்க. இன்றைய நிலையைப் பார்ப்போம்.

முதலாவது பாதை அரசினர் தாதியர் கல்லூரி. கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய இடங்களில் இக்கல்லூரிகள் உள்ளன. பயிற்சி 3 ஆண்டுகள். கட்டணம் இல்லை, மாதந்தோறும் படியும் உண்டு. தேறியவர்கள் சுகாதார அமைச்சின்கீழ்த் தாதிய உத்தியோகத்தராக நியமனம் பெறுகின்றனர். ஏழைக் குடும்பத்துக்கு இதனிலும் நல்ல வாய்ப்பு அரிது. அதனாலேயே போட்டியும் கடுமை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் மூன்றிலும் ஒரே அமர்வில் சித்தி பெற்றிருத்தல் வேண்டும். சாதாரணதரத்திலும் குறித்த பாடங்களில் தேறியிருத்தல் வேண்டும். வயதெல்லை உண்டு. ஆண்களுக்கு ஒதுக்கப்படுவது சிறிய பங்கே. இத்தனைக்கும் பிறகு, தகுதியுடையோரை இஸட் புள்ளி வரிசையிலேயே தெரிவு செய்கின்றனர்.

இஸட் புள்ளி என்பது யாது? ஒரு பாடத்தில் பிள்ளை பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரிப் புள்ளியைக் கழித்து, புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலால் வகுப்பது. மூன்று பாடங்களின் பேறுகளைக் கூட்டிச் சராசரி கண்டால் அதுவே பிள்ளையின் இஸட் புள்ளி. 2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இம்முறை வழங்கிவருகின்றது. ஆகவே, “என் மகள் மூன்றிலும் சித்தி பெற்றாளே, ஏன் அழைக்கவில்லை?” என்று கேட்கும் தாய்மாருக்குக் கூறுவது இதுதான்: சித்தி என்பது விண்ணப்பம் போடுவதற்கு உரிமை தருமேயன்றி இடம் தராது. மற்றவர்களைவிட எவ்வளவு முன்னே நின்றாள் என்பதே கணக்கு.

காத்திருக்கும் காலமும் ஒரு துன்பமே. தொற்றுநோயாலும் நாட்டின் நெருக்கடியாலும் பரீட்சைகளே பிந்தின. 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022க்குரியது 2023 ஜனவரியிலும், 2023க்குரியது 2024 ஜனவரியிலும் தொடங்கின. அதன் பின்னர் பெறுபேறு, அதன் பின்னர் வர்த்தமானி அறிவித்தல், அதன் பின்னர் நேர்முகப் பரீட்சை. பரீட்சை எழுதி இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தபின் பயிற்சிக்குப் போகின்ற பிள்ளைகள் உண்டு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் இரண்டு ஆண்டுகள் வீட்டில் சும்மா இருப்பது சிறு இழப்பன்று.

இரண்டாவது பாதை பல்கலைக்கழகம். பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, யாழ்ப்பாணம், றுகுணு, கிழக்கு, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் தாதியியற் பட்டப்படிப்பு உண்டு. காலம் 4 ஆண்டுகள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று வகுத்திருப்பதைப் பலரும் அறிவர். கொழும்பு மாவட்டத்து மாணவர் இந்நாட்டின் பெரிய கல்லூரிகளின் மாணவரோடு மோதியே இடம் பெறவேண்டும். கொட்டாஞ்சேனையில் ஓர் அறை வீட்டில், தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே படிக்கும் பிள்ளையும் அவர்களோடு ஒரே வரிசையில்தான் நிற்கிறாள். கொழும்பு முகவரி அவளுக்குச் சலுகையன்று, சுமையே. பட்டம் பெற்றாலும் அரசாங்க நியமனம் தானாக வந்து சேர்வதில்லை. ஆட்சேர்ப்பு அறிவித்தலுக்குக் காத்திருத்தல் வேண்டும். இதையும் முன்னரே தெரிந்துகொண்டு சேர்தல் நன்று.

இங்கே ஒரு வினா எழும். வைத்தியசாலைகளில் தாதியர் போதாதென்று நாள்தோறும் கேட்கிறோம். ஒரு தாதி ஓர் இரவில் எத்தனை கட்டில்களைப் பார்க்கிறாள் என்பதைப் பெரியாஸ்பத்திரியில் உறவினரோடு தங்கியவர்கள் கண்டிருப்பார்கள். அங்கனமாயின் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பதேன்? படித்தவர்கள் காத்திருப்பதேன்? பற்றாக்குறையும் வேலையின்மையும் ஒரே ஊரில் ஒருங்கே இருப்பது எங்ஙனம்?

விடை இதுதான். நோயாளருக்கு எத்தனை தாதியர் தேவை என்பது ஒரு கணக்கு. அரசு எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்க அனுமதி பெற்றிருக்கிறது என்பது மற்றொரு கணக்கு. இரண்டாவதை ஆளணி என்பர். அதை அங்கீகரிப்பது திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம். விடுதியில் நோயாளர் பெருகினாலும் ஆளணி தானே பெருகாது. நாட்டிடம் பணமில்லையேல் அது சுருங்கியும் போகும். 2022 ஏப்ரில் மாதத்தில் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அறிவித்தது. அரச சேவைக்குப் புதியவர்களைச் சேர்ப்பது கட்டுப்படுத்தப்பட்டது. அதே ஆண்டில், அரச ஊழியர் 5 ஆண்டுகள்வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று உழைக்கலாம் என்று சுற்றறிக்கையும் வந்தது. தேர்ச்சி பெற்ற தாதியர் பலர் கடல் கடந்தனர். உள்ளே வருவோரைத் தடுத்து, வெளியே போவோருக்குக் கதவைத் திறந்தால் விடுதியின் நிலை யாதாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பின்னர் 2025 மே மாதத்தில் 3147 பேருக்குத் தாதிய உத்தியோகத்தர் நியமனக் கடிதங்கள் ஒரே நாளில் வழங்கப்பெற்றன. மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆயினும் இதிலிருந்து ஒரு பாடம் கற்கவேண்டும். அரச நியமனம் வாய்க்கால் நீர்போல நாள்தோறும் ஓடுவதில்லை. மழை பெய்தால் நிறைந்து கோடையில் வற்றும் குளத்தைப் போன்றது. ஒரு தாதியை ஆக்க 3 ஆண்டுகள் வேண்டுமாதலால், இன்று பயிற்சிக்கு ஆள் எடுக்காவிடில் அதன் வெறுமை 3 ஆண்டுகள் கழித்தே விடுதியில் தெரியும். அப்போது பழியைத் தாங்குபவர் அன்று முடிவு செய்தவர் அல்லர். அவ்விரவு வேலையில் நிற்கும் தாதியே. சம்பளமும் சண்டையில்லாமல் வருவதன்று. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணிக்கும் முறை மாற்றப்பட்டபோது தாதியர் வீதிக்கு வந்து எதிர்த்ததை நீங்கள் அறிவீர்கள்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டையும் பாருங்கள். அங்கே மருத்துவப் பணியாளரைத் தெரிவுசெய்ய 2012இல் தனி வாரியம் அமைத்தார்கள். 2015இல் அவ்வாரியம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான தாதியரைத் தெரிவுசெய்தது. ஆனால் அவர்களை ஒப்பந்தத்திலேயே அமர்த்தியது. தொடக்கத்தில் மாதம் 7700 இந்திய ரூபாயே ஊதியம். நிரந்தரமாக்குங்கள் என்று கேட்டு 2017 நவம்பரில் சென்னையிலே அவர்கள் திரண்டு போராடினார்கள். கொரோனாக் காலத்தில் அவசரமாகச் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாதியர் 2022 டிசெம்பர் 31ஆந் திகதியோடு விலக்கப்பட்டனர். ஆபத்துக் காலத்தில் தெய்வம் என்று கைதட்டினோம். ஆபத்து நீங்கியதும் ஒப்பந்தம் முடிந்தது என்றோம். பரீட்சையில் தேறுவது வேறு, பதவி நிலைப்பது வேறு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இனி மூன்றாவது பாதைக்கு வருகின்றேன். இதைப்பற்றியே அதிகம் எச்சரிக்க விரும்புகின்றேன். காலி வீதியிலும் செட்டியார் தெருப் பக்கத்திலும் விளம்பரப் பலகைகளைப் பாருங்கள். ஆறு மாதத்தில் தாதி, ஓராண்டில் தாதி, வெளிநாட்டு வேலை நிச்சயம் என்று பலவகைப் பாடநெறிகள். இவற்றுள் ஒழுங்கானவையும் உண்டு. எல்லாரையும் ஒரே கோலால் அடிப்பது தர்மமன்று. சில தனியார் வைத்தியசாலைகள் தாமே பயிற்றுவித்து, படியும் கொடுத்து, வேலையும் தருகின்றன. ஆனால் தாதி என்ற சொல்லை விற்று, உதவியாளருக்குரிய படிப்பைக் கொடுப்போரும் இருக்கின்றனர்.

ஒரு குடும்பத்தின் கதை. பெயர் வேண்டாம்; நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். தந்தை புறக்கோட்டையில் கடைச் சிப்பந்தி. மகளுக்கு இஸட் புள்ளி போதவில்லை. தாய் தன் காப்பை அடகு வைத்துப் பாடநெறிக்குப் பணம் கட்டினாள். பிள்ளை ஊக்கமாகப் படித்தாள். வெள்ளைச் சீருடையோடு படமும் எடுத்து வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். சான்றிதழோடு வேலை தேடியபோது, நோயாளரைத் துடைக்கவும் தள்ளுவண்டி தள்ளவும் உதவியாளராகச் சேரலாம் என்றார்கள். வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தபோது, தாதியர் பேரவையின் பதிவிலக்கம் எங்கே என்று கேட்டார்கள். அப்படியொரு பேரவை உண்டென்பதையே அவள் அன்றுதான் கேள்விப்பட்டாள். உதவியாளர் வேலை இழிவானதன்று, அதுவும் தொண்டே. ஆனால் உதவியாளர் படிப்பைத் தாதியர் படிப்பின் விலைக்கு விற்பது வஞ்சகம். அடகுக்குப் போன காப்பு இன்னும் வீடு திரும்பவில்லை.

ஆகவே பெற்றோரே, பணம் கட்டுமுன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். ஒன்று: இப்பாடநெறியை முடித்தவர் இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவுபெறத் தகுதியுடையவரா? 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தினாலாய பேரவை அது. இரண்டு: 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் இந்நிறுவனம் பதிவு செய்யப்பட்டதா? எந்தத் தரத்துக்கு? மூன்று: வைத்தியசாலையில் நேரடிப் பயிற்சி எத்தனை மாதம், எந்த வைத்தியசாலையில்? நான்கு: இடையில் விலகினால் பணத்தில் எவ்வளவு திரும்பும், அல்லது எவ்வளவு தண்டம் கட்டவேண்டும்? ஐந்து: சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன பதவியில் வேலை செய்கிறார்கள்? அவர்களில் இருவரோடு பேசலாமா? விடையை வாயால் மட்டும் வாங்காது எழுத்தில் வாங்குங்கள். எழுதித்தர மறுப்பவரிடம் பணம் கொடாதீர்கள்.

வெளிநாட்டைப்பற்றியும் இரு சொற்கள். உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023இல் உலகில் ஏறத்தாழ 2 கோடி 98 இலட்சம் தாதியர் இருந்தனர். அப்படியிருந்தும் 58 இலட்சம் பேர் குறைவு. உலக மக்களில் பாதிப்பேர் வாழும் நாடுகளிலேயே தாதியருள் 78 வீதத்தினர் குவிந்திருக்கின்றனர். ஆதலால் வெளிநாட்டில் தேவை உண்டு என்பது மெய். ஆனால் அத்தேவை நம் பிள்ளையின் பெயரை எழுதிக் காத்திருக்கவில்லை. பிரித்தானியாவுக்குப் போக ஆங்கிலப் பரீட்சை, தொழில் அறிவுப் பரீட்சை, அங்கு சென்றபின் செய்முறைப் பரீட்சை ஆகியவற்றில் தேறவேண்டும். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி வேண்டும். அந்நாடுகளின் கொள்கையும் மாறும். பராமரிப்பாளரை வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கும் விசாவைப் பிரித்தானியா 2025 ஜூலையில் நிறுத்திவிட்டது. அந்த விசாவை நம்பிக் கடன்பட்டவர் நிலை என்ன? எந்த முகவரிடம் போனாலும், 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் அவரிடம் உண்டா என்று முதலில் பாருங்கள். தாதி வேலையா, பராமரிப்பாளர் வேலையா என்பதை ஒப்பந்தத்தில் வாசித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல.

இத்தனை இடர்களையும் கூறியபின், “அப்படியானால் பிள்ளையை அனுப்பவேண்டாம் என்கிறீரா?” என்று கேட்பீர்கள். அல்லவே அல்ல. அனுப்புங்கள் என்றே கூறுவேன். அதற்கு ஒரு காரணம் சம்பளத்திலும் பெரியது.

பெரியாஸ்பத்திரிக்கு மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்தும், வன்னியிலிருந்தும், மட்டக்களப்பிலிருந்தும் தமிழ் நோயாளர் வருகின்றனர். சிங்களம் அறியாத ஒரு முதியவள் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு எரிகிறது என்கிறாள். எரிகிறதா, அடைக்கிறதா, குத்துகிறதா என்பதிலே உயிர் தங்கியிருக்கும். அவ்வேளையில் தமிழ் தெரிந்த ஒரு துப்புரவுப் பணியாளர் அகப்பட்டால் அவரே மொழிபெயர்ப்பாளர். அகப்படாவிட்டால் கைச்சாடையே மொழி. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் சட்டம் இரவில் விழித்திருந்து நாடி பார்க்காது. இரு மொழியும் தெரிந்த ஒரு தாதி பார்ப்பாள். அவள் சிங்களத் தாய்க்கும் ஆறுதல் சொல்வாள், தமிழ்த் தாய்க்கும் ஆறுதல் சொல்வாள். கொழும்பில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இரு மொழியும் வீதியிலேயே வாய்க்கின்றன. இந்நாட்டில் அவர்களைப் போல இப்பணிக்குப் பொருத்தமானவர்கள் வேறு யாவர்? இடம் கிடைக்காது போகுமானால் இழப்பு அவர்களுக்கு மட்டுமன்று. கட்டிலில் கிடக்கும் அம்முதியவளுக்கும்தான்.

எனவே நம் சங்கம் செய்யக்கூடியவை சிலவற்றைக் கூறி அமைகின்றேன். வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் வெளிவருகிறது. அதைப் படித்து, தாதியர் பயிற்சி, துணை மருத்துவப் பயிற்சி அறிவித்தல் எது வந்தாலும் சங்கத்தின் அறிவித்தற் பலகையில் ஒட்டுவதற்கு இரண்டு இளைஞர் போதும். விண்ணப்பத்தில் ஒரு பிழையால் தள்ளப்பட்ட பிள்ளைகள் உண்டு. அதை நிரப்ப உதவுவதற்கு ஓர் ஆசிரியர் போதும். காத்திருக்கும் ஆண்டுகள் வீணாகாதபடி சனிக்கிழமைகளில் ஆங்கில வகுப்பும், எழுத்துச் சிங்கள வகுப்பும் நடத்தலாம். உயர்தர உயிரியல், இரசாயன மாணவர்க்கு, அமைதியாக இருந்து படிக்க மண்டபத்தை மாலையில் திறந்துவிடலாம். இதற்கு வேண்டியது மின்விளக்கும் சாவியுமே. ஓய்வுபெற்ற தாதியர் நம் வட்டாரத்தில் இருக்கின்றனர். அவர்களை அழைத்து, இப்பணியின் இன்பதுன்பங்களைப் பிள்ளைகளுக்கு உள்ளவாறு சொல்லச் செய்யலாம். இரத்தத்தைக் கண்டு மயங்குபவளும், இரவு விழிக்க இயலாதவளும் மூன்று ஆண்டுகள் கழித்து அதை அறிவதிலும் இன்றே அறிவது மேல்.

இளைஞர்களே, பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. அரசினர் கல்லூரிக்கு விண்ணப்பியுங்கள், பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பியுங்கள். இரண்டும் வாய்க்கும்வரை மொழி படியுங்கள், முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள், சிறு வேலையாயினும் செய்யுங்கள். மருத்துவராக இயலாதவர் சென்று ஒதுங்கும் இடம் என்று இத்தொழிலை எண்ணாதீர்கள். அங்ஙனம் எண்ணிப் போவோருக்கு அங்கே ஒவ்வொரு நாளும் தோல்வியாகவே தோன்றும். மருத்துவர் விடுதியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனபின், எஞ்சிய நேரம் முழுவதும் நோயாளியோடு இருப்பவர் தாதியே. அது தனக்கென்று ஒரு கல்வியும் தனக்கென்று ஒரு பெருமையும் உடைய பணி. அவ்வெண்ணத்தோடு போங்கள்.

பெற்றோரே, பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள், எழுத்தில் விடை வாங்குங்கள், அதன் பின்னரே காப்பைக் கழற்றுங்கள். சங்கத்தாரே, அறிவித்தற் பலகையில் முதலாவது வர்த்தமானி வரும் வெள்ளிக்கிழமையே ஏறட்டும்.